கார்-டி சிகிச்சை: வாங்குவதா, மருத்துவமனையிலேயே தயாரிப்பதா?

நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்லை இனங்காணும் ஏற்பி என்ற புரதத்துக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, பல கோடியாகப் பெருக்கி, அதே நோயாளியின் உடலில் மீண்டும் ஏற்றுவதே கார்-டி சிகிச்சை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிம்ரியாவுக்கு ஒப்புதல் அளித்தபோது இச்சிகிச்சை ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்தது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. எனவே, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் பெரிய மருத்துவமனைகள், குறிப்பாக அரசு நிதியிலும் அறக்கட்டளை நிதியிலும் இயங்குபவை, இச்சிகிச்சை பலன் தருமா என்று விவாதிக்கும் கட்டத்தைக் கடந்துவிட்டன. எந்த வழியில் இதைத் தம் நோயாளிகளிடம் கொண்டுசேர்ப்பது என்பதையே அவை இப்போது முடிவு செய்தாக வேண்டும்.

வழிகள் நான்கு உள்ளன. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் மையத் தொழிற்சாலைக்குச் செல்களை அனுப்பித் திரும்பப் பெறலாம். இந்தியாவிலேயே தயாரிக்கும் நிறுவனத்திடம் வாங்கலாம். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே தயாரிக்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே செல் தயாரிக்கும் தேவையையே நீக்கிவிடக்கூடிய அடுத்த தலைமுறைச் சிகிச்சைகள் வரட்டும் என்று காத்திருக்கவும் செய்யலாம். இவற்றை ஒப்பிட அமரும் எந்தக் குழுவின் கண்ணும் முதலில் விலைப்பட்டியலில்தான் படியும், அது இயல்பே. ஆனால் விலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு என்பது என் கருத்து. செல் எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது உரிய காலத்தில் திரும்ப ஏற்றப்படுகிறது என்பது முதலாவது. ஏற்றிய பின் பல ஆண்டுகள் அந்தத் தயாரிப்புக்குப் பொறுப்பேற்று யார் நிற்பார்கள் என்பது இரண்டாவது. இவற்றுக்கான விடைகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விலைக்கும் சரியான பொருள் கிடைக்கிறது.

காலம் எங்கே கழிகிறது

மாத்திரை ஒரே தொகுதியில் லட்சக்கணக்கில் தயாராகும். அத்தொகுதியின் தரச் சோதனைச் செலவு அத்தனை மாத்திரைகளின் மீதும் பரவிவிடும். கார்-டியில் ஒரு நோயாளியே ஒரு தொகுதி. அவருக்காகவே அஃபெரிசிஸ் இயந்திரத்தில் சில மணி நேரம் இரத்தத்தைச் சுழற்றி வெள்ளணுக்கள் சேகரிக்கப்படுகின்றன. பிறகு டி செல்கள் பிரிக்கப்பட்டுத் தூண்டப்படுகின்றன. பெருகும் திறன் நீக்கப்பட்ட லென்டிவைரஸ் ஒன்றின் வழியே புதிய மரபணு உள்ளே செலுத்தப்படுகிறது. அதன் பின் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள்வரை செல்கள் வளர்க்கப்படுகின்றன. வளர்ந்த செல்களில் கிருமித் தொற்று உண்டா, நச்சுப்பொருள் உண்டா, ஒரு செல்லுக்குள் மரபணுவின் எத்தனை படிகள் நுழைந்துள்ளன, செல்கள் உயிர்ப்புடனும் வீரியத்துடனும் உள்ளனவா என்ற சோதனைகள் நடக்கின்றன. கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனைக்கு மட்டும் 14 நாட்கள் பிடிக்கும். இதற்கிடையே நோயாளிக்கு ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய கீமோதெரபி மருந்துகளைச் சில நாட்கள் கொடுத்து, புதிய செல்களுக்கு உடலில் இடம் உண்டாக்க வேண்டும்.

செல்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் இவற்றோடு உறைய வைத்தல், திரவ நைட்ரஜன் ஆவி நிரம்பிய கலத்தில் அனுப்புதல், சுங்கச் சோதனை, உருக்குதல் ஆகியவையும் சேர்கின்றன. எந்த நிலையிலும் ஒருவருடைய செல் மற்றொருவருக்குப் போய்விடாதபடி காக்க வேண்டும். இந்த நாட்களிலெல்லாம் நோயாளியின் லுக்கேமியாவோ (இரத்த வெள்ளணுப் புற்றுநோய்) லிம்போமாவோ (நிணநீர்ப் புற்றுநோய்) ஓய்ந்திருப்பதில்லை. இச்சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று சிகிச்சைகள் பயனளிக்காமல் போனவர்கள் என்பதால் அவர்களுடைய நாட்கள் மற்றவர்களின் நாட்களைவிட அருமையானவை.

கிம்ரியாவின் ஒப்புதலுக்கு அடிப்படையான எலியானா ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. அதில் சேர்க்கப்பட்ட குழந்தைகளும் இளைஞர்களும் 92 பேர்; செல் ஏற்றப்பட்டவர்கள் 75 பேர். ஏற்றப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினருக்கு மூன்று மாதங்களுக்குள் நோய் அடங்கியது என்ற செய்திதான் உலகெங்கும் பரவியது. அதையே சேர்க்கப்பட்ட 92 பேரின் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 66 விழுக்காடாகிறது. பெரியவர்களின் லிம்போமாவுக்கு இதே சிகிச்சையைச் சோதித்த ஜூலியட் ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் அகன்றது: சேர்க்கப்பட்டவர்கள் 165 பேர், ஏற்றப்பட்டவர்கள் 111 பேர். விடுபட்டவர்களில் சிலருக்குத் தயாரிப்பு தோல்வியுற்றது. பலரை நோய் முந்திக்கொண்டது. அன்று தொழிற்சாலையின் திறன் குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்பதால் இதே விகிதம் இன்றும் நீடிப்பதாகக் கொள்ளக் கூடாது. ஆயினும், விற்பனைப் பிரதிநிதி காட்டும் வெற்றி விழுக்காட்டின் வகுக்கும் எண் எது என்று கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளே போதும்.

மையத் தொழிற்சாலை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழுவினர் உருவாக்கிய சிகிச்சையை 2012இல் நோவார்ட்டிஸ் உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் நியூ ஜெர்சியின் மோரிஸ் பிளெயின்சில் ஒரு செல் உற்பத்தித் தொழிற்சாலையை 4.3 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றது டென்ட்ரியான் நிறுவனம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக நோயாளியின் சொந்தச் செல்களிலிருந்தே செய்யப்படும் புரோவெஞ்ச் என்ற சிகிச்சைக்கு 2010இல் ஒப்புதல் பெற்ற அந்நிறுவனம், 93,000 டாலர் விலை வைத்தும் செலவை ஈடுகட்ட முடியாமல் 2014இல் திவால் மனுத் தாக்கல் செய்தது. தனியாள் சிகிச்சையின் முதல் பெருநிறுவனம் விட்டுச் சென்ற கட்டடத்திலேயே இரண்டாவது தொடங்கியது என்பது இத்துறையின் பொருளாதாரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

இவ்வழியின் வலிமை சான்றுகளில் உள்ளது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பின்தொடர் தரவுகள், ஒரே முறையில் பயிற்சி பெற்ற ஊழியர்கள், தவறு நேர்ந்தால் சட்டப்படி பொறுப்பேற்க ஒரு நிறுவனம் ஆகியவை வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. கைட் நிறுவனத்தின் யெஸ்கார்ட்டா என்ற மற்றொரு கார்-டி சிகிச்சையை ஒப்புதலுக்குக் கொண்டுசென்ற ஆய்வில், செல் எடுத்த நாளிலிருந்து தயாரிப்பு மருத்துவமனைக்கு வந்து சேர இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்) 17 நாட்களே ஆயின. தொழிற்சாலை என்றாலே தாமதம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த ஆய்வு அமெரிக்காவை மையமாகக் கொண்டது; கடல் கடந்து போய்வர வேண்டிய செல்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

விலையோ இந்திய மருத்துவமனைக்கு எட்டாதது. கிம்ரியா 4,75,000 டாலருக்கும் யெஸ்கார்ட்டா 3,73,000 டாலருக்கும் சந்தைக்கு வந்தன. இன்றைய மாற்று விகிதத்தில் முதலாவது ஏறத்தாழ நான்கு கோடி ரூபாய். இதில் மருத்துவமனைத் தங்கலும் பக்கவிளைவுச் சிகிச்சையும் அடங்கா. நான்கு கோடியைத் தம் கையிலிருந்தே செலுத்தக்கூடிய சில குடும்பங்களுக்கு இது ஒரு வழியாக இருக்கலாம். ஒரு பொது மருத்துவமனையின் திட்டமாக இதை எடுத்துக்கொண்டு மேலும் பேச வேண்டியதில்லை.

உள்நாட்டு நிறுவனம்

ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வார் குழுவினரும் மும்பை டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, ஐஐடியிலிருந்து கிளைத்த இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் வழியே சந்தைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் அதைத் தொடங்கி வைத்தார். அறிவிக்கப்பட்ட விலை 30 முதல் 40 லட்ச ரூபாய் என்ற அளவில் இருந்தது. அதாவது அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் குறைவுக்கு ஊதிய வேறுபாடு மட்டும் காரணமன்று. கார்-டியின் செலவில் ஒரு பெரிய பங்கை விழுங்குவது மரபணுவைச் சுமக்கும் வைரஸ். அதை வெளியில் வாங்காமல் தாமே வடிவமைத்துத் தயாரித்ததே விலையை இறக்கிய ஒரு முக்கியக் காரணம். ஏற்பியின் வடிவமும் உரிமம் பெற்றதன்று, அவர்களுடையது.

64 நோயாளிகளைக் கொண்ட முதல், இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவுகள் 2025இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வெளியாயின. மதிப்பிட முடிந்த நோயாளிகளில் 73 விழுக்காட்டினரிடம் பலன் காணப்பட்டது. எண்ணிக்கை சிறியது, பின்தொடர்ந்த காலமும் குறுகியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், வெளிநாட்டு ஆய்வுகளின் எண்களைவிட நமக்கு நெருக்கமான எண் இது. காசநோயும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் பரவலாக உள்ள, பலமுறை கீமோதெரபி பெற்றுத் தாமதமாகவே பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளிகளிடம் கிடைத்த எண் என்பதே அதன் மதிப்பு.

இரண்டாவது உள்நாட்டு வாய்ப்பு பெங்களூரின் இம்யூனீல் நிறுவனத்துடையது. 2025 ஜனவரியில் லிம்போமாவுக்காக அது வெளியிட்ட கார்ட்டெமி, பார்சிலோனாவின் ஆஸ்பித்தால் கிளினிக் என்ற பொது மருத்துவமனையில் பிறந்த ஏஆர்ஐ-0001 என்ற சிகிச்சையேயாகும். ஐரோப்பிய மருத்துவமனை ஒன்று தன் நோயாளிகளுக்காகச் செய்த சிகிச்சை உரிமத்தின் வழியே இந்தியா வந்திருப்பதால், இந்த வழிக்கும் அடுத்து வரும் மருத்துவமனை வழிக்கும் இடையே உள்ள எல்லை தோன்றும் அளவுக்குக் கறாரானதன்று.

குறை என்னவென்றால், பத்தில் ஒரு பங்கு விலையும் நம் காப்பீட்டுத் திட்டங்களுக்குப் பெரிய தொகையே. பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டமும் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்வரை தருகின்றன. மீதத்தை நிறுவன உதவி, நன்கொடை, கடன் என்று திரட்ட வேண்டியிருக்கிறது. பணம் திரண்ட பின்பே செல் எடுக்கப்படும் என்றால், அந்தத் திரட்டும் காலமும் மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கில் சேர்கிறது. தயாரிப்பின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வாரங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மேலும், நெக்ஸ்கார்19க்கு 2023இல் அளிக்கப்பட்ட ஒப்புதல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. வேகமாக முற்றும் பி செல் லுக்கேமியாவோ குழந்தைப் பருவத்தில் மிகுதியாக வருவது.

மருத்துவமனைக்குள் தயாரிப்பு

பார்சிலோனாவின் அனுபவத்தை விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஆஸ்பித்தால் கிளினிக்கின் ஆய்வாளர்கள் அதே மருத்துவமனையில் முன்பே உருவாக்கப்பட்டிருந்த ஒரு எதிர்ப்புரதத்தைக் கொண்டு தமக்கான ஏற்பியை வடிவமைத்தனர். பணத்தில் ஒரு பகுதி பொதுமக்களின் நன்கொடை. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, 25 வயதுக்கு மேற்பட்ட லுக்கேமியா நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. கிம்ரியா 25 வயதுவரை உள்ள லுக்கேமியா நோயாளிகளுக்கானது என்பதால், வணிக நிறுவனம் விட்டுவைத்த வயதினரை மருத்துவமனை எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். விலை 90,000 யூரோவுக்குச் சற்றுக் குறைவு.

செலவைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது, தயாரிப்பவரும் சிகிச்சை அளிப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் சிகிச்சை முறையையே மாற்ற முடிந்தது என்பதாகும். செல்களை ஒரே தடவையில் ஏற்றாமல் 10, 30, 60 விழுக்காடு என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, முந்தைய பகுதிக்குப் பின் காய்ச்சலும், நோய் எதிர்ப்பு அமைப்பு அளவுமீறித் தூண்டப்படும் சைட்டோகைன் கொந்தளிப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து அடுத்ததை ஏற்றினர். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைகள் குறைவாக உள்ள மருத்துவமனைகளுக்கு இந்த நிதானம் பெரிய செய்தி.

அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. 2007ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை, ஒரு மருத்துவரின் முழுப் பொறுப்பில், ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக, வழக்கமான பெருந்தயாரிப்பாக இல்லாமல், அதே நாட்டின் மருத்துவமனைக்குள் பயன்படுத்தப்படும் செல், மரபணுச் சிகிச்சைகளுக்கு ஒரு விலக்கை வைத்திருக்கிறது. உறுப்பு நாடுகளே அதற்கு அனுமதி தரலாம். இங்கிலாந்து இதைவிட ஓர் அடி முன்னே சென்றுள்ளது. 2025 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மையக் கட்டுப்பாட்டு இடம் உரிமத்தை வைத்துக்கொள்ள, அதன் மேற்பார்வையில் பல மருத்துவமனைகள் நோயாளியின் அருகிலேயே தயாரிக்கலாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் மரபணுச் சிகிச்சைப் பொருளை எக்காலத்துக்கும் புதிய மருந்து என்றே வகைப்படுத்துகின்றன. ஆகவே, இங்கே மருத்துவமனையில் தயாரிக்க முனைபவர் ஆய்வு அனுமதியில் தொடங்கி முழு உரிமம் நோக்கி நடந்தாக வேண்டும். குறுக்கு வழி இல்லை. அது இல்லாமல் இருப்பது நல்லதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்டெம் செல் என்ற பெயரில் நிறுவப்படாத ஊசிகளை விற்ற மருத்துவமனைகளைப் பார்த்த நாட்டில் விலக்கை எழுதுவதற்கு முன் கண்காணிப்பை எழுத வேண்டும்.

அந்த நேரான வழியில் நடக்க முடியும் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி காட்டியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து அங்கு நடந்த வெல்கார்ட் ஆய்வில், மருத்துவமனைக்குள்ளேயே ஏறக்குறைய ஒன்பது நாட்களில் செல்கள் தயாரிக்கப்பட்டு, லுக்கேமியாவும் லிம்போமாவும் கொண்ட பத்து நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. பத்துப் பேரை வைத்து விழுக்காடு பேசுவது பொருந்தாது. வேலூரின் எண்ணில் நாம் பார்க்க வேண்டியது அந்த ஒன்பது நாட்களையே. ஒன்பது நாட்கள் என்றால் இடைப்பட்ட காலத்தில் நோயை அடக்கி வைக்கக் கொடுக்கப்படும் கீமோதெரபி குறைகிறது, தொற்று அபாயம் குறைகிறது, விடுபடுவோர் குறைகிறார்கள். விலை உயர்ந்த உறைகலப் போக்குவரத்தும் தேவைப்படுவதில்லை. ஆனால் 14 நாள் கிருமிச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே செல்லை ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், விரைவுச் சோதனை முறைகளும், பிறகு தொற்று கண்டறியப்பட்டால் என்ன செய்வது என்ற எழுத்து வடிவிலான ஏற்பாடும் இருந்தே ஆக வேண்டும்.

இனி இவ்வழியின் பலவீனங்கள். இத்தகைய தயாரிப்புக்குப் பல நாடுகளில் பயன்படும் தானியங்கி மூடிய இயந்திரம் ஜெர்மனியின் மில்டெனி நிறுவனத்துடையது. அதில் ஒரு நேரத்தில் ஒருவருடைய செல்லை மட்டுமே தயாரிக்க முடியும். ஒரு சுற்றுக்கு ஒன்பது நாட்கள், அடுத்ததற்கு ஆயத்தமாக இரண்டு நாட்கள் என்று கொண்டால், பழுதே இல்லாமல் ஓடினாலும் ஓர் இயந்திரம் ஆண்டுக்கு முப்பது பேரைச் சற்றே தாண்டும். அதற்கான குழாய்த் தொகுப்பும் வினைப்பொருட்களும் அந்த இயந்திரத்துக்கென்றே செய்யப்பட்டவை. வைரஸையும் வெளியிலிருந்து வாங்கினால், மருத்துவமனைத் தயாரிப்பு என்பது ஒரு பெருநிறுவனத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து இரண்டு சப்ளையர்களைச் சார்ந்திருப்பதற்கு மாறியது என்ற அளவிலேயே நின்றுவிடும். பயிற்சி பெற்ற ஊழியர்கள் நான்கைந்து பேரில் இருவர் வேலை மாறிப் போனால் பிரிவே முடங்கலாம். தரக்கட்டுப்பாட்டாளர் தயாரிப்புக் குழுவுக்குக் கீழ்ப்படியாதவராக இருக்க வேண்டும் என்ற விதியைச் சிறிய மருத்துவமனையில் காப்பாற்றுவது, ஒருவருக்கொருவர் தெரிந்த சூழலில், எழுதுவதைப்போல எளிதன்று. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தூய்மை அறையின் மின்சாரமும் பராமரிப்பும் ஒவ்வொருவர் மீதும் கூடுதலாக ஏறி, கடையில் வாங்குவதைவிட விலை கூடிவிடவும் கூடும்.

பதினைந்து ஆண்டுக் கேள்வி

மரபணுவை நிரந்தரமாகச் செல்லுக்குள் பதிக்கும் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் பின்தொடர வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எதிர்பார்க்கிறது. கார்-டி பெற்ற சிலரிடம் பிற்காலத்தில் டி செல் புற்றுநோய் தோன்றியதையடுத்து 2024இல் இவ்வகைச் சிகிச்சைகள் அனைத்தின் மருந்துக் குறிப்பிலும் மிகக் கடுமையான வகையான கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. நேர்வுகள் அரிதானவை, பலனோடு ஒப்பிட்டால் சிகிச்சையைத் தவிர்க்கக் காரணம் ஆகா. ஆனால் யார் பின்தொடர்வார்கள் என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. டென்ட்ரியான் ஒப்புதல் பெற்றதற்கும் திவால் மனுத் தாக்கல் செய்ததற்கும் இடையே நான்கே ஆண்டுகள்.

பலன் தந்த சிகிச்சைகூட உரிமையாளரின் கணக்கில் நட்டமானால் கைவிடப்படும் என்பதற்கு அரிய நோய்களின் வரலாற்றில் சான்றுகள் உண்டு. ஏடிஏ நொதிக் குறைபாட்டால் நோய் எதிர்ப்புச் சக்தியின்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கான ஸ்ட்ரிம்வெலிஸ், மிலானின் சான் ரஃபேலே நிறுவனத்தில் உருவாகி, கிளாக்சோஸ்மித்க்ளைன் வழியே 2016இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. விலை 5,94,000 யூரோ. செல்கள் சில மணி நேரமே தாங்கும் என்பதால் குழந்தைகள் மிலானுக்கே வர வேண்டியிருந்தது. 2018இல் அது ஆர்ச்சர்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. பின்னர் அந்நிறுவனமும் விலக, 2023இல் இத்தாலியின் டெலத்தான் அறக்கட்டளை ஒப்புதலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு சிகிச்சையைத் தொடர்கிறது. அதே நோய்க்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டொனால்டு கோன் குழுவினர் உருவாக்கிய மற்றொரு சிகிச்சை, 2021இல் வெளியான ஆய்வின்படி 50 குழந்தைகளில் 48 பேருக்கு வெற்றி பெற்றது. ஐம்பது பேரும் உயிரோடிருந்தனர். அதன் உரிமத்தையும் ஆர்ச்சர்ட் வைத்திருந்து, வணிகக் காரணங்களால் வளர்ச்சிப் பணியை நிறுத்தி, பல்கலைக்கழகத்துக்கே திருப்பியளித்தது. தலசீமியாவுக்கான புளூபேர்டு நிறுவனத்தின் சின்டெக்ளோ, ஜெர்மனியில் விலைப் பேச்சு முறிந்த பின் 2021இல் ஐரோப்பாவை விட்டே விலகியது.

இந்த மூன்றிலும் அறிவியல் தோற்கவில்லை. கைவிடப்பட்டபின் மீண்டும் எடுத்து நடத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்களா என்பதில்தான் வேறுபாடு. மிலானிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் சிகிச்சையை உருவாக்கியவர்கள் அருகிலேயே இருந்தார்கள்; அதனால் அது பிழைத்தது. உள்நாட்டு நிறுவனங்களிடம் வாங்கும் மருத்துவமனையும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்திய நிறுவனம் என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடாது. நாட்டில் இரண்டு மூன்று பொது நிறுவனங்களாவது இச்செல்களைத் தாமே செய்யத் தெரிந்திருப்பது, விலைப் பேச்சில் கை ஓங்கவும், நிறுவனம் விலகும் நாளில் நோயாளி நடுவழியில் நிற்காதிருக்கவும் உதவும்.

காத்திருக்கலாமா

கொடையாளியின் செல்களை முன்கூட்டியே திருத்தி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கொடுக்கும் முறை 2022இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பயன்பட்டது. செல்லை வெளியே எடுக்காமல், மரபணுவை ஊசி வழியே செலுத்தி உடலுக்குள்ளேயே கார்-டி செல்லை உருவாக்கும் முயற்சியில் பெரிய நிறுவனங்கள் முதலீடு செய்கின்றன; அத்துறையின் ஈசோபயோடெக் நிறுவனத்தை வாங்குவதாக 2025 மார்ச்சில் ஆஸ்ட்ராசெனகா அறிவித்தது. இவை வெற்றி பெற்றால் மேலே விவரித்த தூய்மை அறைகளில் பல பயனற்றுப் போகும். அதனால் இருபது ஆண்டுக் கடனில் கட்டடம் எழுப்புவது அறிவுடைமையன்று. அதேவேளை, இன்று மறுபடி நோய் திரும்பியுள்ள நோயாளிக்கு இவற்றால் பயனில்லை. காத்திருத்தல் கட்டட அளவைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்கலாம். சிகிச்சையைத் தொடங்காதிருக்கும் காரணமாக இருக்க முடியாது.

எந்த மருத்துவமனைக்கு எது

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவு இல்லாத மருத்துவமனை எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். சைட்டோகைன் கொந்தளிப்பையும் நரம்பு மண்டலப் பக்கவிளைவையும் இரவு இரண்டு மணிக்கும் அடையாளம் காணும் குழுவும், அக்கொந்தளிப்பை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தின் கையிருப்பும் இல்லாத இடத்தில் செல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. அவர்கள் செய்யக்கூடிய நற்செயல், நோயாளியைக் காலம் தாழ்த்தாமல் அனுப்பிவைப்பதே. டி செல்கள் கீமோதெரபியால் நலிந்துபோன பின் அனுப்பப்படும் நோயாளிக்குத் தயாரிப்பே தோல்வியுறலாம்.

மாற்றுப் பிரிவு உள்ள, ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் இச்சிகிச்சை தேவைப்படும் மருத்துவமனை உள்நாட்டு நிறுவனத்திடம் வாங்குவதே சரி. பெரியவர்களின் லிம்போமாதான் அங்கு மிகுதியாக இருக்கும். அந்நோயும் சிலரை முந்திக்கொள்ளும் என்பதை ஜூலியட் ஆய்வு காட்டியது; ஆயினும் வேகமாக முற்றும் லுக்கேமியாவோடு ஒப்பிட்டால் அங்கு அவசரம் சற்றுக் குறைவு. ஆனால் ஒப்பந்தத்தில் விலைக்கு இணையாகச் சில விதிகள் எழுதப்பட வேண்டும். செல் எடுத்த நாளிலிருந்து எத்தனை நாட்களுக்குள் திரும்ப வரும், தாமதமானால் என்ன இழப்பீடு, தயாரிப்பு தோல்வியுற்றால் இரண்டாவது முயற்சி யார் செலவில், தர அளவுகோலைச் சற்றே எட்டாத செல்லை ஏற்றலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, நிறுவனம் மூடப்பட்டால் நோயாளிப் பதிவுகளும் தயாரிப்பு நடைமுறையும் எந்தப் பொது நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும் என்பவை அவற்றுள் தவிர்க்க முடியாதவை. மாநில அரசு வாங்குவதாக இருந்தால், நோவார்ட்டிஸ் 2017இல் அமெரிக்காவில் முன்வைத்ததைப்போல, ஒரு மாதத்தில் பலன் காணாத நோயாளிக்குக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாட்டையும் கேட்கலாம். ஒரு மாதம் என்பது விற்பவருக்குச் சாதகமான அளவு. நோய் திரும்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகே என்பதால் ஆறு மாதம் கேட்பதே முறை.

ஆண்டுக்கு நாற்பது ஐம்பது நோயாளிகள் வரும், குழந்தைகளின் லுக்கேமியாவைப் பெருமளவில் பார்க்கும், ஏற்கெனவே செல் ஆய்வுக்கூடமும் ஆய்வு நெறிக் குழுவும் நன்றாக இயங்கும் மிகச் சில மையங்கள் தாமே தயாரிக்க வேண்டும். வேகமாக முற்றும் லுக்கேமியாவில் ஒன்பது நாளுக்கும் நான்கு வாரத்துக்கும் உள்ள வேறுபாடு உயிரை ஒட்டியது. ஒப்புதலின் வயது வரம்புக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஆய்வு வழியே சிகிச்சை தரவும் இதுவே வழி. அத்தகைய மையம்கூட லிம்போமா நோயாளிகளுக்கு வெளியில் வாங்கிக்கொண்டு, தன் இயந்திரங்களை அவசரமானவர்களுக்கு ஒதுக்குவது நல்லது. மாநிலத்துக்கு ஒன்று என்ற ஆசையில் பத்து மையங்களுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதைவிட, இங்கிலாந்து விதியைப்போல ஒரு மையம் உரிமமும் தரப் பொறுப்பும் ஏற்று இரண்டு மூன்று மருத்துவமனைகளை வழிநடத்தும் அமைப்பும், அவற்றுக்கெல்லாம் வைரஸை அரசு நிதியில் தயாரித்துத் தரும் ஓர் ஆய்வுக்கூடமும் போதுமானவை. வைரஸ் நம் கையில் இல்லாதவரை மற்றவை அனைத்தும் இரவலே.

எந்த வழியைத் தேர்ந்தாலும், செல் எடுக்க முடிவு செய்யப்பட்ட ஒவ்வொரு நோயாளியையும் அந்த நாளிலிருந்தே ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பணம் திரட்ட எத்தனை நாள், தயாரிப்புக்கு எத்தனை நாள், ஏற்றப்படாதவர் ஏன் ஏற்றப்படவில்லை என்பவை அதில் இருக்க வேண்டும். வாங்கும் மருத்துவமனையும் தயாரிக்கும் மருத்துவமனையும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால், இரண்டு ஆண்டுகளில் இந்த ஒப்பீட்டை வெளிநாட்டு எண்களின் துணையின்றி நம் நோயாளிகளின் எண்களைக் கொண்டே மீண்டும் செய்து, தேவையானால் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.